இடைவேளைத் தீர்ப்பு

என் அப்பா வெங்கட்ராமனுக்குச் சந்தேகப் படங்கள் பிடிக்கும். அவர் வைத்த பெயர் அது. சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று சொன்னால் வாய் வலிக்கிறது என்பார். பேய் கூடாது, துப்பாக்கி அதிகம் கூடாது. மனைவி காபியில் எதையோ கலக்கிறாள் என்று நினைக்கும் கணவன். மாடி வீட்டுக்காரன் தன்னைக் கண்காணிக்கிறான் என்று சுவரில் காது வைத்துக் கேட்கும் கிழவி. ஒருத்தியின் பின்னால் ஊர் ஊராகப் போகும் புகைப்படக்காரன். பயப்படுகிறவருக்கு நடப்பது உண்மையா, மனக்கோளாறா என்று கடைசிப் பத்து நிமிடம் வரை தெரியக் கூடாது. எந்த மொழியானாலும் பார்ப்பார். கீழே ஆங்கில எழுத்து ஓடினால் போதும்.

கடைசிப் பதினான்கு மாதங்கள் எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு படம் ஓடியது. சந்தேகப்பட்டவர் அப்பா. சந்தேகிக்கப்பட்டவள் நான். நான் அவர் மகள் ஜ்யோத்ஸ்னா இல்லை, அவளைப் போலவே இருக்கும் வேறு ஒருத்தி என்று நம்பினார். அது நோய். அதில் எனக்குக் கேள்வி இல்லை. அவர் போன பிறகு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வேறு ஒருத்தியை அவர் யாராக நினைத்தார்? அவளோடு ஒரே வீட்டில், பயந்துகொண்டே இருந்தாரா?

அப்பா மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் தபால் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தார். வருகிற தபாலுக்கு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்புவது வேலை. தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் முதல் மாடி வீடு. அலுவலகக் காகிதம் ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. அலுவலகப் பழக்கம் அத்தனையும் வந்தது.

வெளிநாட்டுப் படத்தில் இடைவேளை கிடையாது. அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. படத்தின் நீளத்தை இரண்டால் வகுப்பார். அந்த நிமிடம் வந்ததும் நிறுத்திவிடுவார், கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றாலும் சரி. அம்மா எழுந்துபோய்க் காபி போடுவாள். பிறகு மூவரும் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் யார் குற்றவாளி என்று எழுதி, உறையில் போட்டு ஒட்ட வேண்டும். படம் முடிந்ததும் பிரிக்கலாம். உறை என்றால் கரண்ட் பில் வந்த உறைதான். அதைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி வைத்திருப்பார். அலுவலகத்தில் அப்படித்தான் செய்வார்களாம்.

அம்மா வத்சலா எல்லாப் படத்துக்கும் ஒரே விடைதான் எழுதுவாள். 'புருஷன்தான்.'

"வத்சலா, இது அக்கா தங்கை கதைடி. கல்யாணமான ஆம்பளையே இதுல கிடையாது."

"கடைசில வருவான் பாருங்கோ."

வந்தான். தங்கையை அவன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். பத்தில் ஏழு படங்களில் அம்மா சொன்னது சரியாக இருக்கும். அப்பா ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அவர் துண்டில் குற்றவாளியின் பெயரே இருக்காது. 'அந்தக் கிழவி பாவம். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது' என்று எழுதியிருப்பார்.

"யார் பண்ணினதுன்னு கேட்டா இதுவா பதில்?" என்று அம்மா துண்டை ஆட்டுவாள்.

"ஃபைல் பாதியில இருக்கறச்சே ரிமார்க்ஸ் எழுதப்படாது. இடைவேளை வரைக்கும் யாரும் வில்லன் இல்லை."

"அப்போ உங்க உறை எதுக்கு? வேஸ்ட்."

"அது ஏற்கெனவே வேஸ்ட் உறைதானே."

எனக்கு ஆறு வயதானபோது குவார்ட்டர்ஸ் பக்கம் பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் அப்பாவுக்குப் பிடித்த படமே தெருவில் இறங்கிவிட்டதுபோல் இருந்திருக்க வேண்டும். என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"அப்பா அனுப்பினார்னு யாராவது ஸ்கூலுக்கு வந்தா, ரகசிய வார்த்தை என்னன்னு கேளு. சொன்னாத்தான் கூடப் போகணும். வார்த்தை என்ன தெரியுமா? வத்தக்குழம்பு."

அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ழ. தில்லியில் தமிழ் தெரியாத எவனுக்கும் அது வராது. சிக்கல் என்னவென்றால், எனக்கும் வராது. படிப்பு லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில். விளையாட்டு பஞ்சாபிக் குழந்தைகளோடு. எழுதத் தெரியும், சொல்ல வராது. பழம் வேண்டும் என்றால் பலம் என்பேன். "பாலமா? ஏர்போர்ட்டுக்கா போகணும்? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அப்பா கேட்பார். தில்லியில் விமான நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் பாலம். நான் கோபித்துக்கொண்டு ஹிந்தியில் கேலா என்று கத்துவேன்.

ழ எனக்குச் சென்னையில் வந்தது. எம்.டெக். படிக்கப் போன இடத்தில் விடுதித் தோழிகள் சிரித்தார்கள். கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் மழை என்று சொல்லிக் காட்டினேன்.

"நன்னா வந்துடுத்தே" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று போனில் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு துவாரகாவில் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் விமானங்கள் இறங்குவது தெரியும். "பலம் பலம்னு கேட்டாளே, இப்போ எல்லாரையும் பாலத்துக்கே கூட்டிண்டு வந்தாச்சு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். 2017இல் அம்மா போனாள். அதற்குப் பிறகு படம் பார்க்கையில் இரண்டு உறைகள். அம்மாவுக்குப் பதிலாக நான் 'புருஷன்தான்' என்று எழுதினேன். அப்பா சிரிப்பார். கண்ணாடியைத் துடைப்பார்.

2022இல் அவருக்குத் தேதி தவறத் தொடங்கியது. முப்பத்தாறு வருடம் தேதி குத்தியவர். நான் நொய்டா வீட்டைக் காலி செய்து அவரோடு வந்து இருந்தேன். பகலில் பார்த்துக்கொள்ளப் பொன்னம்மாள் வந்தாள். சேலம் பக்கத்துக்காரி, தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருடம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுக்கிக் குடிசையில் குடியிருப்பு. அப்பாவை ஐந்தே நாளில் வசப்படுத்திவிட்டாள்.

"அய்யா, ஜல்தி ஜல்தி சாப்புடுங்க. டிவில அந்தப் பைத்தியக்காரன் படம் ஆரம்பிக்கப் போவுது."

"அவன் பைத்தியம்னு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியலயா? பொண்டாட்டியோட போனை எத்தினி வாட்டி பாக்கறான்!"

"இடைவேளை வரைக்கும் பொறு பொன்னம்மா."

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவரும் ஒரு படம் பார்த்தோம். கொரியப் படம். பயணம் போய்த் திரும்பிய தன் அண்ணன் அண்ணனே இல்லை, வேறு யாரோ என்று ஒரு தம்பிக்குத் தோன்றும் கதை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் நிறுத்தினோம். நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். அப்பா வாங்கிக்கொண்டு, என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரொம்ப தேங்க்ஸ். நீங்க எப்போ கிளம்பணும்?"

அப்பா என்னை அதுவரை நீ என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். கோபத்தில்கூட நீதான். அந்த 'நீங்க'வில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குக் கொடுக்கிற மரியாதை.

"அப்பா, நான் ஜோ."

"அப்பான்னு கூப்பிடறது உங்க நல்ல மனசு."

டாக்டர் இளைஞர், பொறுமையாக விளக்கினார். முகம் அடையாளம் தெரியும். அந்த முகத்தோடு சேர்ந்து வர வேண்டிய பாசம் மட்டும் வராது. பாசம் வராததால், இது வேறு ஆள் என்று மூளை முடிவு கட்டிவிடும். புதிதாகச் சேர்ந்த நினைவுகள் முதலில் போகும், பழையவை நிற்கும். வாதாட வேண்டாம், என்றார்.

முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரங்களைச் சோதிப்பது என் வேலை. இயந்திரம் ஓர் ஊழியரை ஏற்க மறுத்தால், வெளிச்சத்தை மாற்றி மறுபடி நிற்கச் சொல்வோம். நான் அப்பா முன் எல்லா வெளிச்சத்திலும் நின்றேன். பழைய சுடிதாரில், அம்மாவின் புடவையில், பள்ளிக்கூட நாளில்போல் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு. பொன்னம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அழுதாள்.

அப்பா என்னை விரட்டவில்லை. கத்தவில்லை. ஆனால் கவனித்தார். நான் அறைக்குள் நுழைந்தால் கண் பின்னாலேயே வரும். தலையணை அடியில் ஒரு பேனாவும் காகிதமும் இருந்தன. நான் வந்தால் எழுதுவதை நிறுத்திக் கையால் மறைத்துக்கொள்வார். அந்தப் படங்களில் பார்த்திருக்கிறேன். இப்படி எழுதி வைப்பவர்கள் கடைசியில் போலீஸுக்குப் போன் செய்வார்கள், அல்லது கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வார்கள்.

அவரிடம் மகளைப் பற்றிக் கேட்டால் சொல்வார். "நொய்டாவில பெரிய வேலைல இருக்கா. முடியறச்சே வருவா. தப்பா நினைக்கப்படாது." என்னிடமே எனக்காகப் பரிந்து பேசுவார். ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டார். "என் பொண்ணு எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த மார்ச்சில் ஒருநாள், பகல் சாப்பாடு. பொன்னம்மாள் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"கேளுங்கோப்பா."

"ரகசிய வார்த்தை என்ன?"

முப்பது வருடம். நான் மறக்கவில்லை. இதுதான், இதில் தேறிவிட்டால் வீடு திரும்பிவிடலாம். ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது. நாக்கை நன்றாக மடித்து, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

"வத்தக்குழம்பு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை.

"ரொம்பச் சரியாச் சொன்னேள்" என்றார். "சாப்பிடலாம்."

பொன்னம்மாள் சமையலறையில் என் கையைப் பிடித்தாள். "சரியாத்தானக்கா சொன்ன? பொறவு அய்யா மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்கிப்போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

அதன் பிறகும் பதினொரு மாதம் நன்றாகவே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். படம் பார்த்தோம். நான் குளிப்பாட்டி விடுவதற்குக் கூச்சப்பட்டார். பொன்னம்மாளின் மகன் விஜயன் வந்து செய்தான். பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கடைசி நாள் காலை என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏதாவது சாப்பிட்டேளா?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம். நீங்க.

பதின்மூன்றாம் நாள் முடிந்து, உறவினர்கள் போன பிறகு, நானும் பொன்னம்மாளும் வீட்டை ஒழுங்கு செய்தோம். பென்ஷன் அலுவலகத்துக்குக் காகிதம் தேடியபோது அலமாரியில் துணிக்கு அடியில் ஓர் உறை கிடைத்தது. உள்பக்கம் வெளியே திருப்பி ஒட்டியது. மேலே அப்பாவின் எழுத்து. 'பெறுநர்: செல்வி ஜ்யோத்ஸ்னா வெங்கட்ராமன். வந்ததும் பிரிக்கவும்.'

வெகுநேரம் பிரிக்கவில்லை. பிரித்தால் குற்றவாளி என்று அவர் எழுதிய பெயர் இருக்கும். இந்தத் தடவை பயந்தவர் அவரே. யாரைப் பார்த்துப் பயந்தார் என்று அதில் இருக்கும்.

"பிரிச்சுப் பாருக்கா" என்றாள் பொன்னம்மாள். "உனக்குன்னுதான போட்டிருக்கு."

உள்ளே நாள்காட்டித் தாள்களின் பின்பக்கங்கள். அரசாங்கக் கோப்பில் எழுதுவதுபோல் பத்திகளுக்கு எண். கோணலும் மாணலுமான எழுத்து, ஆனால் வாக்கியம் கோணவில்லை.

'1. பொருள்: என் மகளின் உருவத்தில் வீட்டில் இருக்கும் பெண்மணி.

2. நடை, குரல், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் பொருந்துகின்றன. ஆயினும் இவர் அவள் அல்ல என்று தோன்றுகிறது. தோன்றுவதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

3. இன்று ரகசிய வார்த்தை கேட்கப்பட்டது. சொன்னார். ழ சுத்தமாக வந்தது. என் பெண்ணுக்கு ழ வராது. பார்க்க: சோப்ரா விஷயம், திருத்தம். எனவே இவர் அவள் அல்ல என்பது உறுதி.'

சோப்ரா விஷயம். நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

அதே ஆறு வயதில் ஒருநாள் அப்பாவால் அலுவலகத்திலிருந்து கிளம்ப முடியவில்லை. என்னை அழைத்துவரக் கூட வேலை செய்த சோப்ரா அங்கிளை அனுப்பினார். ரகசிய வார்த்தையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். நான் பள்ளி வாசலில் நின்று கேட்டேன். அங்கிள் மூச்சை இழுத்து, "வத்தகுலம்பு" என்றார். நான் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அவன் ழவே சொல்லலை! எப்படி நம்பினே?" நான் சொன்னேன்: "நானும் அப்பிடித்தானே சொல்றேன்!" அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்பா யோசித்து, விதியைத் திருத்தினார். "சரி. போன்ல, கதவுக்குப் பின்னால, எங்கே கேட்டாலும் இனிமே இதுதான். ழ சரியா வந்தா நான். தப்பா வந்தா நீ."

அவர் விதிப்படி நடந்திருக்கிறார். தேதியும் தெருவும் ஊரும், போனில் நான் சொல்லிக் காட்டிய மழையும் மறந்தவர், திருத்தத்தை மறக்கவில்லை. மறந்தது நான். அவ்வளவு கவனமாக, அவ்வளவு சரியாகச் சொல்லி, என்னை நானே வெளியே நிறுத்திக்கொண்டேன்.

பொன்னம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். மிச்சத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

'4. இவர் பாலை ஆற்றித் தருகிறார். சூடு பார்த்துத் தருகிறார்.

5. என் பெண்ணின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறார். ஆட்சேபணை இல்லை. குளிர்.

6. இடைவேளையில் தானே எழுந்து காபி போடுகிறார். இந்த வீட்டு வழக்கம் இவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

7. என் பெண் எங்கே என்று கேட்டேன். சமையலறைக்குப் போய் அழுதார். அதனால் மறுபடி கேட்கவில்லை.

8. ஒருநாள் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வந்தார். வயதுக்குப் பொருந்தவில்லை. சிரிக்கவில்லை நான்.'

"அய்யா சிரிச்சாரு" என்றாள் பொன்னம்மாள். "எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அந்தம்மாகிட்ட சொல்லிடாதன்னாரு, மனசு கஷ்டப்படுமாம்."

கடைசித் தாள். தேதி இல்லை.

'9. இடைவேளைத் தீர்ப்பு: இவர் வில்லி அல்ல. இவரைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை. பாவம், இவரையும் இவர் வீட்டில் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

10. ஜோ, நீ வந்ததும் இவரை உடனே அனுப்பிவிடாதே. வேளைக்குச் சாப்பிடுவதில்லை, நான் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, மறு ஓரத்தில், பெறுபவர் சுருக்கொப்பம் போடுவதற்குக் கோடு இழுத்து இடம் விட்டிருந்தார்.

பொன்னம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மணி ஒன்றரை. வெளியே ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று.

"சாப்புடலாம் வா. அய்யாவே எழுதி வெச்சிட்டாரு, இனிமே சாக்குச் சொல்ல முடியாது. என்னா பண்ணட்டும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மடியவில்லை.

"வத்தகுலம்பு" என்றேன்.

"என்னாது?" என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அச்சா, அச்சா. வெக்கறேன் இரு."

அவள் புளி கரைக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் பேனாவைத் தேடி எடுத்து, அவர் விட்டிருந்த இடத்தில் எழுதினேன்.

'பார்த்தேன். சாப்பிடச் சொல்லிவிட்டேன். ஜோ.'

தேதி போட்டேன்.